புசானுக்கு ஏன் இரண்டு எழுத்துக்கூட்டல்? கொரிய ஊர்ப்பெயர்களும் ரோமன் எழுத்தும்

உங்கள் பள்ளி நூலகத்தில் 1990-களில் அச்சான உலக வரைபட நூல் இன்னும் இருக்கிறதா? இருந்தால் கொரியப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். பக்கத்திலேயே கைப்பேசியில் இன்றைய வரைபடத்தையும் திறந்துகொள்ளுங்கள். தென்கொரியாவின் தென்கிழக்கு மூலையில் ஒரு பெரிய துறைமுக நகரம் இருக்கும். பழைய நூலில் அது ஓர் எழுத்தில் தொடங்கும். கைப்பேசியில் வேறோர் எழுத்தில் தொடங்கும். அதோடு நிற்காது. தெற்கே இருக்கும் பெரிய தீவு, தேகு, குவாங்ஜு, தேஜொன் என்று வரிசையாகப் பல ஊர்களுக்கு முதல் எழுத்தே மாறியிருக்கும். பார்க்கிற மாணவர் உடனே கேட்பார்: "டீச்சர், ஊர்ப் பேரை எல்லாம் மாத்திட்டாங்களா?"

மாற்றவில்லை. ஊர் அதே ஊர்தான். கொரியர்கள் அதை எழுதும் எழுத்தும் சொல்லும் ஒலியும் அப்படியேதான் இருக்கின்றன. மாறியது, அந்தப் பெயரை ரோமன் எழுத்தில் (நம் மலாய்ப் பாடத்தில் ரூமி என்கிறோமே, அதே எழுத்தில்) எழுதும் முறை மட்டும்.

கொரிய நாடகம், கொரியப் பாட்டு என்று மாணவர்கள் நம்மைவிட அதிகம் தெரிந்து வைத்திருக்கும் காலம் இது. கட்டுரையிலும் வாய்மொழித் தேர்விலும் கொரிய ஊர்கள் தாராளமாக வருகின்றன. ஒருவர் 'புசான்' என்று எழுதுகிறார், ஒருவர் 'பூசன்' என்கிறார், இன்னொருவர் 'இன்சியான்' என்கிறார். சிவப்புப் பேனாவைக் கையில் வைத்திருப்பவர் எதைச் சரி என்பது? இதற்குப் பதில் சொல்லக் கொரிய எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். பயப்பட வேண்டாம். தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்ததுதான்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன ஏற்பாடு. ஆங்கில அரிச்சுவடியின் 2-ஆம் எழுத்தையும் தமிழில் 'பி' என்றுதான் எழுதுகிறோம், 16-ஆம் எழுத்தையும் 'பி' என்றுதான் எழுதுகிறோம். 4-ஆம் எழுத்தும் 'டி', 20-ஆம் எழுத்தும் 'டி'. இந்தக் கட்டுரையில் குழப்பம் வராமல் இருக்க, பினாங்கை ரூமியில் எழுதும்போது முதலில் வரும் எழுத்தைப் 'பினாங்கு-பி' என்போம். பத்துமலைக்கு முதலில் வருவதைப் 'பத்துமலை-பி' என்போம். அதே போல 'தைப்பிங்-டி', 'டத்தோ-டி'. இப்படி ஒட்டுப் போட வேண்டியிருக்கிறதே, அதற்கான காரணம்தான் கொரியச் சிக்கலுக்கும் காரணம்.

ஓர் எழுத்து, இரண்டு ஒலி

'பம்பரம்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் ப-வும் நடுவில் வரும் ப-வும் ஒரே ஒலியா? இல்லை. முதலில் வருவது பினாங்கு-பி. ம்-க்குப் பின்னால் வருவது பத்துமலை-பி. 'தங்கம்' என்பதில் தொடக்கத் த வன்மையாக இருக்கிறது. 'பந்து' என்பதில் ந்-க்குப் பின் அதே த நெகிழ்கிறது. நாம் இதைக் கவனிப்பதே இல்லை. எழுத்து ஒன்றுதான், இடத்தைப் பார்த்து ஒலி தானாக மாறிக்கொள்ளும். தனி எழுத்து தேவைப்பட்டதும் இல்லை.

மலாய் மொழிக்கு அது தேவை. சம்பளத்துக்கு மலாயில் ஒரு சொல் இருக்கிறது, ஆராய்ந்து படிப்பதற்கு ஒரு சொல் இருக்கிறது. ஒன்று ஜி எழுத்தில் தொடங்கும், மற்றது கே எழுத்தில் தொடங்கும். மீதி எழுத்துகள் அப்படியே ஒன்று. தமிழில் எழுதினால் இரண்டுமே 'காஜி'! சம்பளத்தையும் படிப்பையும் பிரித்துக் காட்ட நம் எழுத்துக்கு வழியில்லை.

இந்த விஷயத்தில் கொரியம் நம் பக்கம். கொரிய எழுத்துக்கு ஹங்குல் என்று பெயர். சேஜோங் மன்னர் 1446-ல் வெளியிட்டது. அதில் க, த, ப, ச வகை ஒலிகளுக்கு மும்மூன்று எழுத்துகள் உண்டு. சாதாரணமாகச் சொல்வது ஒன்று, மூச்சைத் தள்ளிச் சொல்வது ஒன்று, தொண்டையை இறுக்கிச் சொல்வது ஒன்று. மூச்சொலியும் இறுக்க ஒலியும் எங்கே வந்தாலும் தன் குணம் மாறாது. தகராறு எல்லாம் முதல் வகையில்தான். அது சொல்லின் தொடக்கத்தில் வந்தால் வன்மையாகக் கேட்கும். இரண்டு உயிருக்கு நடுவிலோ மூக்கொலிக்குப் பின்னாலோ வந்தால் நெகிழ்ந்து கேட்கும். நம் பம்பரம் கதையேதான்.

சியோலைச் சுற்றியுள்ள மாநிலத்தின் பெயர் கியொங்கி. தமிழில் படித்தால் முதல் க கே-யாக ஒலிக்கிறது, ங்-க்குப் பின் வரும் க ஜி-யாக (தங்கத்தில் வருவது போல) ஒலிக்கிறது. கொரியர் சொல்வதும் அப்படித்தான். அவர்கள் எழுதும்போதும் இரண்டு இடத்திலும் ஒரே எழுத்து.

(உடனே யாராவது 'அம்மா, அப்பா கொரியத்திலும் இருக்கு, இரண்டும் உறவு மொழி' என்று ஆரம்பிக்க வேண்டாம். நான் சொல்வது உறவு பற்றியது அல்ல. இரண்டு மொழிகளின் ஒலி ஒழுங்கில் இருக்கும் ஓர் ஒப்புமை, அவ்வளவுதான். பாடம் நடத்த அதுவே போதும்.)

இப்போது கேள்வி இதுதான். கியொங்கியை ரோமன் எழுத்தில் எழுத வேண்டும். காதில் விழும் ஒலிப்படி கே ஒன்று, ஜி ஒன்று என்று எழுதுவதா? அல்லது மூல மொழியில் ஒரே எழுத்துதானே என்று இரண்டு இடத்திலும் ஒரே ரோமன் எழுத்தைப் போடுவதா? முதலாவது ஒலிபெயர்ப்பு. இரண்டாவது எழுத்துப்பெயர்ப்பு. 'தம்பி'யை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக எழுதுபவர்கள் நடுவில் பத்துமலை-பி போடுவார்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியோ அங்கே பினாங்கு-பி போடும். இரண்டுமே தவறில்லை. நோக்கம்தான் வேறு.

குறி உதிர்ந்த கதை

ஜார்ஜ் மெக்கியூன், எட்வின் ரைஷாவர் என்று இரண்டு அமெரிக்கர்கள். மெக்கியூன் பிறந்ததே பியோங்யாங்கில். ரைஷாவர் தோக்கியோவில் பிறந்தவர், பிற்காலத்தில் ஜப்பானுக்கான அமெரிக்கத் தூதராக இருந்தவர். கொரிய மொழியறிஞர்களின் துணையோடு இவர்கள் அமைத்த முறை 1939-ல் வெளிவந்தது. அது காதை நம்பிய முறை. அதனால் புசான் பினாங்கு-பி-யில் தொடங்கியது. தேகுவுக்கு முதலில் தைப்பிங்-டி, நடுவில் ஜி. கியொங்கிக்குக் கே ஒன்று, ஜி ஒன்று.

இதில் ஒரு நெருக்கடி வரும். சாதாரண ஒலியே கே, தைப்பிங்-டி, பினாங்கு-பி எழுத்துகளைப் பிடித்துக்கொண்டால் மூச்சொலிக்கு எதைக் கொடுப்பது? அதற்கு எழுத்தின் தோளில் ஒரு சிறு மேற்குறி போட்டார்கள். கொரியத்தில் உள்ள இரண்டு தனி உயிர்களைக் காட்ட, ஓ, யு எழுத்துகளின் தலையில் பிறைக்குறி வைத்தார்கள். ஏட்டில் மிக அழகான முறை. குறிகளை விடாமல் எழுதினால் இன்றைக்கும் இதைவிட நுட்பமாகக் காதுக்குச் சொல்லும் முறை இல்லை என்றே சொல்வேன்.

ஆனால் யார் விடாமல் எழுதினார்கள்? தட்டச்சு இயந்திரத்தில் பிறைக்குறி இல்லை. செய்தித்தாளில் இல்லை. கணினி வந்த பிறகும் விசைப்பலகையில் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை. எனவே குறிகள் உதிர்ந்தன. உதிர்ந்ததும் என்ன ஆயிற்று என்று பாருங்கள். தென்கொரியாவில் சொங்ஜு என்றொரு நகரம். முதல் ஒலி மூச்சொலி. வடகொரியாவில் ஜொங்ஜு என்றொரு நகரம். முதல் ஒலி சாதாரணம். குறி இருக்கும்போது இரண்டும் வேறு. குறி போனால் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. அந்தப் பெயரை வரைபடத்தில் தேடுகிறவர் எந்த நாட்டில் போய் நிற்பார்?

தென்கொரியா இந்த முறையைச் சிறு மாற்றங்களோடு 1984-ல் ஏற்றுக்கொண்டது. 1988 சியோல் ஒலிம்பிக் வரவிருந்த காலம் அது. நம் மேசையில் இருக்கும் பழைய வரைபட நூல்கள் பெரும்பாலும் இந்த முறையில்தான் அச்சானவை. அதற்கு முன்னால் 1959-லிருந்து அங்கே வேறொரு அரசு முறை இருந்தது. அதில் புசானுக்குப் பத்துமலை-பி-தான். ஆகவே 2000-ல் வந்ததை முற்றிலும் புதிது என்று நினைக்காதீர்கள். ஊர் அசையாமல் இருக்க, முதல் எழுத்து மட்டும் போய்த் திரும்பி வந்திருக்கிறது.

2000 ஜூலை

2000-ஆம் ஆண்டு ஜூலை 7-ல் தென்கொரியப் பண்பாடு, சுற்றுலா அமைச்சு புதிய முறையை அறிவித்தது. அடிப்படை எளிது. கே, தைப்பிங்-டி, பினாங்கு-பி, சி-எச் ஆகியவற்றை மூச்சொலிக்கு ஒதுக்கியது. சாதாரண ஒலிக்கு ஜி, டத்தோ-டி, பத்துமலை-பி, ஜே. மேற்குறியும் வேண்டாம், பிறைக்குறியும் வேண்டாம். எந்த விசைப்பலகையிலும் தட்டலாம்.

இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால், எந்த ஊர் மாறியது, எது மாறவில்லை என்பது விளங்கிவிடும். பழைய முறையில் புசானும் பினாங்கு-பி, போஹாங் நகரமும் பினாங்கு-பி. ஆனால் போஹாங்கின் ப மூச்சொலி. அதனால் புசான் மட்டும் பத்துமலை-பி-க்குப் போனது. போஹாங் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சியோலின் பழைய விமான நிலையமான கிம்போவைப் பாருங்கள், ஒரே பெயருக்குள் இரண்டும் நடக்கிறது: முதலில் இருந்த கே ஜி-யாக மாறியது, நடுவில் இருக்கும் பினாங்கு-பி மாறவே இல்லை. ஜேஜு தீவு முன்பு சி-எச் எழுத்துகளில் தொடங்கியது, இப்போது ஜே. இன்ச்சொனின் சி-எச் மட்டும் அப்படியே, ஏனென்றால் அது மூச்சொலி. மாணவர்கள் 'ஏன் சிலது மாறுது, சிலது மாறல?' என்று கேட்டால் இதுதான் பதில். மனம்போன போக்கில் மாற்றியது அல்ல.

முழுக்க எழுத்துப்பெயர்ப்பு என்றும் இதைச் சொல்லிவிட முடியாது. சாதாரண ஒலி அசையின் முடிவில் வந்தால் கே, தைப்பிங்-டி, பினாங்கு-பி என்றே எழுத வேண்டும். ஒக்சொன் என்ற ஊரில் க் அசையின் முடிவில் நிற்பதால் அங்கே கே. ஒலிக்கும் எழுத்துக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. கொரியர் 'புசான்' என்று சொல்லும்போது வெளிநாட்டவர் காதில் விழுவது பினாங்கு-பி-தானே, பிறகு எதற்குப் பத்துமலை-பி என்று கேட்டவர்கள் பலர். நியாயமான கேள்வி. ஆனால் சொந்த மொழியில் ஒரே எழுத்தாக இருப்பதை, வெளியாள் காதுக்காக இரண்டாகப் பிரித்து எழுதச் சொன்னால் பள்ளிப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? 'பம்பரத்தில் இரண்டு ப-வும் வேறு வேறு, பிரித்து எழுது' என்று நம் ஒன்றாம் ஆண்டு மாணவரிடம் சொல்லிப் பாருங்கள், புரியும். பள்ளிக்கும் சாலைப் பலகைக்கும் 2000-ஆம் ஆண்டு முறையே பொருத்தம் என்பது என் கருத்து. சாலைப் பலகைகளை 2005 இறுதிக்குள் மாற்றி முடிக்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள்.

ஆனால் பலகையை மாற்றினாலும் பழைய எழுத்து எல்லா இடத்திலும் போய்விடவில்லை. ஆட்பெயர், நிறுவனப் பெயர் ஆகியவை வழக்கப்படியே இருக்கலாம் என்று புதிய முறையே இடம் கொடுத்திருக்கிறது. அதனால்தான் கிம்ஹே என்ற ஊர் ஜி-யில் தொடங்குகிறது, கிம் என்ற குடும்பப் பெயர் கே-யில் தொடங்குகிறது. கொரியத்தில் இரண்டும் ஒரே அசை. புசான் தேசியப் பல்கலைக்கழகம் இன்றும் பினாங்கு-பி-யை விடவில்லை. அதே ஊரின் திரைப்பட விழா 1996-ல் பினாங்கு-பி-யில் தொடங்கி, 2011-ல்தான் பத்துமலை-பி-க்கு மாறியது. விமானத்தில் போனால் பெட்டியில் ஒட்டும் சீட்டைக் கவனியுங்கள். புசான் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடு இன்னும் பழைய பினாங்கு-பி-யில்தான் தொடங்குகிறது. ஜேஜுவுக்கு சி-ஜே-யு. தேகுவுக்கு தைப்பிங்-டி, ஏ, ஈ. குவாங்ஜுவுக்கு கே-டபிள்யூ-ஜே. பெட்டிச் சீட்டில் பழைய முறை இன்னும் உயிரோடு இருக்கு!

வடகொரியா தனி வழி. அது இன்னும் 1939 முறையை ஒட்டிய ஒன்றையே வைத்திருக்கிறது. அதனால் கேசொங் நகரம் கே-யிலேயே நீடிக்கிறது. ஒரே மொழி, இரண்டு நாடு, இரண்டு எழுத்துக்கூட்டல்.

பியோங்யாங்கும் பியோங்சாங்கும்

இதெல்லாம் எழுத்தாளர்களின் தகராறு, நமக்கென்ன என்று தோன்றினால் இதைக் கேளுங்கள். 2014-ல் தென்கொரியாவின் பியோங்சாங் வட்டாரத்தில் உயிரியல் பல்வகைமை பற்றிய ஐ.நா. மாநாடு நடந்தது. அதற்குக் கிளம்பிய கென்யர் ஒருவர் விமானத்திலிருந்து இறங்கிய இடம் பியோங்யாங். ஆமாம், வடகொரியத் தலைநகரம். விசா இல்லாமல் வந்து நின்ற அவரைப் பல மணி நேரம் விசாரித்து, அபராதமும் வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பினார்கள். பயணச்சீட்டு எடுக்கும்போது பெயர் ஒன்று போலத் தெரிந்ததுதான் காரணம்.

இந்த இரண்டு பெயரிலும் முதல் அசை கொரியத்தில் ஒன்றேதான். வடக்கு அதை ஈ எழுத்து இல்லாமல் எழுதுகிறது, தெற்கு ஈ-யோடு எழுதுகிறது. பின்பாதி வேறு. அவசரத்தில் பார்க்கிற கண்ணுக்கு இந்த வேறுபாடு போதவில்லை. 2018 குளிர்கால ஒலிம்பிக் பியோங்சாங்கில் நடந்தபோது, ஏற்பாட்டாளர்கள் பெயரின் நடுவில் வரும் சி எழுத்தையும் பெரிய எழுத்தாகப் போட்டார்கள். வடக்குத் தலைநகரோடு குழம்பாமல் இருக்கத்தான்.

குவாங்ஜு விஷயத்தில் எந்த முறையும் உதவாது. தென்மேற்கில் ஒரு பெருநகரம் குவாங்ஜு, சியோலுக்குப் பக்கத்தில் கியொங்கி மாநிலத்தில் இன்னொரு குவாங்ஜு. சீன எழுத்தில் எழுதினால்தான் இரண்டும் வேறு. ஹங்குலிலேயே ஒன்றாக இருப்பதை ரோமன் எழுத்து எப்படிப் பிரிக்கும்? மாநிலப் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் வழி.

உயிரெழுத்தில் நாம் வழுக்கும் இடம்

மெய்யில் தமிழர்களுக்குச் சுலபம் என்றேன். உயிரில் அப்படி இல்லை. நாம் கொரியப் பெயரைக் கொரியத்திலிருந்து எடுப்பதில்லை; ஆங்கிலத்தில் எழுதியதைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படிக்கிறோம். ஈ-யும் ஓ-வும் சேர்ந்து வந்தால் நம் வாயில் 'இயோ' வந்துவிடுகிறது. உண்மையில் அந்த இரண்டு எழுத்தும் சேர்ந்து ஒரே உயிர். அ-வுக்கும் ஒ-வுக்கும் நடுவில் இருக்கும் ஒலி. பழைய முறையில் ஓ-வின் தலையில் பிறைக்குறி வைத்தது இதற்குத்தான்.

சியோலையே எடுத்துக்கொள்ளுங்கள். எஸ், ஈ, ஓ, யு, எல் என்று ஐந்து எழுத்து. ஈ-ஓ ஒன்று, யு ஒன்று என்று பிரிக்க வேண்டும். கொரியர் சொல்வது ஏறத்தாழ 'சொ-உல்', இரண்டு அசை. 'சியோல்' நம் செய்தித்தாளிலும் பேச்சிலும் வேரூன்றிவிட்டது. அதைப் பிடுங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பியோங்யாங்கும் அப்படித்தான். இன்னும் வேரூன்றாத பெயர்களில் ஈ-ஓ வந்தால் 'ஒ' என்று எழுதுவதே நெருக்கம். தேஜொன், ஜொன்ஜு, கியொங்ஜு. 'டேஜியோன்' வேண்டாம்.

ஈ-யும் யு-வும் சேர்ந்து வருவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. 2018-ல் பனிச்சறுக்கு அரங்கப் போட்டிகள் நடந்த காங்னுங், கிழக்குக் கடலில் உள்ள உல்லுங் தீவு, இரண்டிலும் இந்த ஒலி உண்டு. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் தடுமாறுவார், 'நியூங்' என்பார். நமக்கு இந்த ஒலி நன்றாகத் தெரியும். 'நாடு', 'பாட்டு' என்று சொல்லுங்கள். கடைசி உகரத்தில் இதழ் குவிகிறதா? குவிவதில்லை. நம் குற்றியலுகரத்தின் அந்தக் குவியாத உகரம்தான் கொரியத்தின் இந்த உயிர். 'குற்றியலுகரம் எதற்கு சார் படிக்கணும்?' என்று கேட்கிற மாணவருக்கு இதைக் காட்டலாம். ஆனால் எழுதும்போது தமிழில் இதற்குத் தனிக் குறி இல்லை, சாதாரண உகரம்தான் போட முடியும்.

ஏ-யும் ஈ-யும் சேர்ந்தால் 'ஏ' அல்லது 'எ'. தேகுவில் முதல் உயிர் அதுதான். புசானின் புகழ்பெற்ற கடற்கரை ஹேஉன்தே. அதில் ஏ, ஈ, யு மூன்றும் வரிசையாக நிற்கும். ஏ-ஈ ஒன்று, யு ஒன்று என்று பிரிப்பதா, ஏ ஒன்று, ஈ-யு ஒன்று என்று பிரிப்பதா? இப்படி மயக்கம் வரும் இடத்தில் நடுவே சிறுகோடு போடலாம் என்று விதியே அனுமதிக்கிறது. போடுகிறவர்கள்தான் குறைவு.

அங்கேயும் புணர்ச்சி

சியோலின் பழைய வீதி ஒன்று ஜோங்னோ. ஹங்குலில் எழுதியிருப்பது ஜோங் + ரோ. ங்-க்குப் பின் வந்த ர் ன்-ஆகத் திரிகிறது. சின் + ரா என்று எழுதுவது சில்லா ஆகிறது; பழைய அரசு ஒன்றின் பெயர். சியோலில் உள்ள விடுதலை வாயிலை எழுத்துப்படி படித்தால் தோக் + ரிப் + முன். சொல்வதோ தோங்னிம்முன். இரண்டு சந்தியிலும் திரிதல். கல் + மலை கன்மலை ஆவதும், நெல் + மணி நென்மணி ஆவதும் தெரிந்தவருக்கு இது புதிதில்லை. ரோமன் முறை இந்தத் திரிந்த வடிவத்தையே எழுதச் சொல்கிறது. ஹங்குல் தெரிந்த மாணவர் யாராவது 'பலகையில் தப்பா எழுதியிருக்காங்க' என்றால், தப்பில்லை, புணர்ச்சி என்று சொல்லுங்கள்.

தமிழில் எழுதும்போதும் திருத்தும்போதும்

'தேகு' என்று தமிழில் எழுதிப் படியுங்கள். தொடக்கத் த வன்மையாகவும், இரண்டு உயிருக்கு நடுவில் வரும் கு நெகிழ்ந்தும் வருகிறது. ரோமன் எழுத்தில் இரண்டு முறை வைத்துச் சண்டை போட்ட விஷயத்தைத் தமிழ் எழுத்து சும்மாவே செய்துவிடுகிறது. எனவே 'டேகு' என்று எழுத வேண்டிய அவசியமில்லை. 'புசான்' என்று எழுதினால் முதல் ஒலி சரியாக வரும். 'பூசான்' என்ற நெடில் தேவையில்லை என்றாலும் அதைத் தவறென்று அடிக்க மாட்டேன்.

தமிழ் எழுத்தும் திணறும் இடம் உண்டு. 'கிம்போ' என்றால் ம்-க்குப் பின் வரும் ப நம் பழக்கத்தில் நெகிழ்ந்துவிடும். கொரியத்தில் அங்கே மூச்சொலி, நெகிழக் கூடாது. 'இஞ்சொன்' என்று எழுதினால் இஞ்சி மாதிரி ஆகிவிடும். 'இன்சொன்' என்றால் இனிய சொல்லுக்குப் பக்கத்தில் போய்விடும். 'இன்ச்சொன்' என்று எழுதினால் ஒலி கிட்டத்தட்ட சரி. ஆனால் ஈரொற்று ய, ர, ழ-வுக்குப் பின்தானே வரும், ன்-க்குப் பின் எப்படி என்று இலக்கண ஆசிரியர் கேட்பார். கேட்க வேண்டியதுதான். அயல்மொழிப் பெயர் என்பதால் நான் விட்டுக்கொடுக்கிறேன். நீங்கள் விட்டுக்கொடுக்க மறுத்தால் அதிலும் நியாயம் உண்டு.

விடைத்தாள் திருத்தும்போது என் வேண்டுகோள்: எழுத்துக்கூட்டல் உங்கள் பழக்கத்துக்கு மாறாக இருக்கிறது என்பதற்காக மட்டும் புள்ளியைக் குறைக்காதீர்கள். ஒரே கட்டுரையில் முதல் பத்தியில் புசான், மூன்றாம் பத்தியில் பூசன், முடிவில் பஸான் என்று வந்தால் குறையுங்கள். மாணவர்களே, உங்களுக்கும் அதேதான்: ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், கடைசிவரை அதையே எழுதுங்கள்.

செயல்திட்டத்துக்குத் தகவல் தேடும் மாணவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 1980 மே மாதம் குவாங்ஜுவில் நடந்த மக்கள் எழுச்சியைப் பற்றிப் படிக்க விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2024-ல் இலக்கிய நோபல் பெற்ற ஹான் காங் பிறந்த ஊர் அது. அந்த எழுச்சியை வைத்து அவர் நாவலே எழுதியிருக்கிறார். ஜி எழுத்தில் மட்டும் தேடினால் 2000-க்கு முந்தைய நூல்கள் பலவும் தப்பிப் போகும். அவை கே-யில் இருக்கும். 1950 கொரியப் போரில் புசானைச் சுற்றி நடந்த தற்காப்புப் போரும், அதே ஆண்டு செப்டம்பர் 15-ல் இன்ச்சொனில் நடந்த தரையிறக்கமும் வரலாற்று நூல்களில் பழைய எழுத்திலேயே நிலைத்துவிட்டன.

இன்னும் பின்னால் போனால் பெயரே வேறாக இருக்கும். 1910 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சி. சீன எழுத்தில் இருந்த ஊர்ப்பெயர்களை ஜப்பானிய உச்சரிப்பில் படித்தார்கள்: சியோல் கெய்ஜோ ஆனது, இன்ச்சொன் ஜின்சென், பியோங்யாங் ஹெய்ஜோ. இது நமக்குத் தூரத்துக் கதை அல்ல. சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளில் ஒரு பகுதியினரை 1942-ல் கப்பலேற்றிக் கொரியாவுக்குக் கொண்டுபோனார்கள். பதிவுகளில் அவர்கள் இருந்த முகாம்கள் கெய்ஜோ, ஜின்சென் என்றே இருக்கின்றன. சியோல் என்று தேடினால் அந்தக் கைதிகள் கிடைக்க மாட்டார்கள்.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு பயிற்சி. பழைய வரைபடத்தில் குன்சான் கே-யில் இருக்கும், போஹாங் பினாங்கு-பி-யில், தேபேக் தைப்பிங்-டி-யில். ஜின்ஜு, சுன்ச்சொன் இரண்டும் சி-எச் எழுத்துகளில். இந்த ஐந்தில் எவை மாறியிருக்கும் என்று மாணவர்களை முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள், பிறகு கைப்பேசி வரைபடத்தில் சரிபார்க்கச் சொல்லுங்கள். குன்சான் ஜி-க்கும், ஜின்ஜு ஜே-க்கும் மாறியிருக்கும். மற்ற மூன்றும் மூச்சொலி, அப்படியே நிற்கும். மேற்குறி இல்லாத பழைய வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஊகம் தவறியவருக்குப் புள்ளி குறைக்க வேண்டாம்.